மதிப்புரைக்கு வந்த தூக்குச்சட்டிகள்

பேராச்சி ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசினால் அந்தப் புத்தகத்துக்குள் இருப்பது கூட்டத்துக்கு வந்துவிடும் என்பது முத்தலாங்குளத்துக்குப் பழகிப்போய், இதில் என்ன அதிசயம் இருக்கிறது என்று வெளியூர்க்காரர்களைப் பார்த்து ஊரே கேட்கிற அளவுக்கு ஆகிவிட்ட பிறகும், முதன்முதலில் வந்தது உப்பு என்பதை மட்டும் யாரும் மறக்கவில்லை. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் வணிகர் சங்கத்து மாடியில் நடக்கும் புத்தக வட்டத்தில், அதுவரை கடைசி வரிசையில் உட்கார்ந்து காராச்சேவு கொறித்துக்கொண்டிருந்த மெடிக்கல் ஷாப் பேராச்சி, பேச வேண்டியவருக்குக் காய்ச்சல் என்பதால் மேடைக்குத் தள்ளப்பட்டு, உப்பளத்து ஆட்களைப் பற்றிய கட்டுரை நூல் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதப் படிச்சதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல" என்று ஆரம்பித்தாள். அவள் பேசப் பேச முன்வரிசைக்காரர்கள் உதட்டை நக்கினார்கள், பின்வரிசைக்காரர்கள் கண்ணைக் கசக்கினார்கள், அவள் நன்றி சொல்லி இறங்கியபோது நாற்காலிக் கைப்பிடியிலும் மின்விசிறி இறக்கையிலும் மேடையில் தூங்கிக்கொண்டிருந்த தலைவர் ஞானதிரவியம் சாரின் புருவத்திலும் வெள்ளைவெளேரென்று உப்புப் பூத்திருந்தது. யாரும் அலறவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான ஞானதிரவியம் சார் விழித்து, புருவத்தைத் தட்டிவிட்டு, நல்ல சாரமுள்ள உரை என்று பாராட்டினார். காராச்சேவுக் கடைக்காரர் துடைப்பத்தால் கூட்டி அள்ளி, "பொடி உப்புதான், தூசி இல்ல" என்று பொட்டலம் கட்டிக்கொண்டார். புத்தக வட்டத்தின் செயலாளரான சிவசைலத்தின் மனைவி உலகம்மாள் ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலை சாம்பாருக்கு அந்த உப்பைத்தான் போட்டாள். சிவசைலம் இட்லியைப் பிய்த்துத் தொட்டு வாயில் வைத்தார். சாம்பார் அப்படி ஒரு ருசியாக இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இரண்டு இட்லியோடு எழுந்து கை கழுவிவிட்டு, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

சிவசைலம் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் மேஜை போட்டு, கிரயம், பாகப்பிரிவினை, உயில் எல்லாம் எழுதுகிறவர். தாய்ப்பத்திரத்தைக் கையில் கொடுத்தால் மூன்றாவது வரியிலேயே வில்லங்கம் எங்கே இருக்கிறது என்று மூக்கால் முகர்ந்து சொல்லிவிடுவார் என்று பெயர். புத்தகத்தையும் அவர் அப்படித்தான் படித்தார். கால்நூற்றாண்டாகப் புத்தக வட்டத்தில் கடைசிப் பேச்சு அவருடையது, ஒவ்வொரு புத்தகத்தையும் விரித்து வைத்து, "நாவலாசிரியர் முதல் அத்தியாயத்தில் கதாநாயகிக்கு இரண்டு அண்ணன்மார் என்று எழுதுகிறார், கல்யாணப் பந்தலில் ஒருவர்தான் நிற்கிறார், இன்னொருவர் எங்கே? யாருக்காவது கிரயம் பண்ணிக் கொடுத்துவிட்டாரா?" என்று கேட்டால் மாடியே அதிரும்படி சிரிப்பார்கள். எழுதியவர் வந்திருந்தால் தலையைக் குனிந்துகொள்வார். அந்தச் சிரிப்புக்காகவே ஜனங்கள் வந்தார்கள், அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டேதான் சிவசைலத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் நிம்மதியாகத் தூக்கம் வந்தது. தபாலில் வருகிற புதுப் புத்தகங்களில் நல்லதைத் தனக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிற அதிகாரமும் செயலாளர் என்ற முறையில் அவருடையதாகவே இருந்தது.

உப்புக்குப் பிறகு எல்லாம் மாறிப்போனது. வலசைப் பறவைகளைப் பற்றிய புத்தகத்துக்கு மாடி முழுக்க இறகு கொட்டியது, மெத்தைக் கடைக்காரர் அடுத்த பறவைப் புத்தகம் எப்போது என்று கேட்டு முன்கூட்டியே சாக்கு கொண்டுவந்து வைத்தார். குளிர்தேசத்து நாவலின் மொழிபெயர்ப்புக்குப் பனி பெய்தது, பெண்கள் அண்டாவில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய், வடாம் மாதிரி மொட்டை மாடியில் காயப்போட்டு, சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, வேட்டி மட்டும் நனைந்திருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். துப்பறியும் நாவல் ஒன்றுக்கு அவளைப் பேசவிட்டது தப்பாகிப்போனது. கூட்டம் முடியும் முன்பே ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு, வணிகர் சங்கத் தேர்தலில் யார் யாருக்கு ஓட்டை மாற்றிப் போட்டார்கள் என்கிற உண்மைகள் வெளியே வந்து, சங்கத்துத் தலைவரும் பொருளாளரும் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். இதையெல்லாம் உத்தேசித்து ஊர் கூடி சில ஏற்பாடுகள் செய்துகொண்டது. போர், பேய், வெள்ளம், இந்த மூன்றையும் பற்றிய புத்தகங்களுக்குப் பேராச்சி பேசக் கூடாது. காலரா போன்ற நோய்களின் வரலாறு என்றால் முந்தின வாரமே தண்டோரா போட வேண்டும். தீபாவளி மாதத்தில் நெசவைப் பற்றிய புத்தகம் ஆகாது என்று ஜவுளிக் கடைக்காரர்கள் எழுதிக் கொடுத்ததையும் நியாயம்தான் என்று ஏற்றுக்கொண்டார்கள். மற்றபடி உப்பு எப்படி வந்தது, இறகு எங்கிருந்து விழுந்தது என்று யாரும் மெனக்கெடவில்லை. குழாயில் தண்ணீர் வருகிறபோது பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்று இருந்தார்கள்.

சிவசைலத்துக்கு வந்தது பொறாமை. அவர் மட்டும் அதை மனதுக்குள் இலக்கியத்தின் எதிர்காலம் பற்றிய கவலை என்று சொல்லிக்கொண்டார். அவர் பேச எழுந்தால் ஜனங்கள் பாத்திரங்களை மூடி வைத்துவிட்டுச் சுக்குக் காபி குடிக்கப் போனார்கள். அண்ணன் தொலைந்த கதையைச் சொன்னாலும் இரண்டு பேர்தான் சிரித்தார்கள், அதில் ஒருவர் வேறு எதற்கோ சிரித்தார். அவருக்கு ராத்திரியில் வயிற்றில் ஒரு இடம், தொப்புளுக்கு இரண்டு விரற்கடை மேலே, மிளகாய் அரைத்து அப்பின மாதிரி எரிந்தது. மோர் குடித்தார், சீரகம் மென்றார். கடைசியில் மருந்து வாங்கப் போக வேண்டியிருந்ததும் பேராச்சியின் கடைக்குத்தான். ஊரில் நல்ல மருந்துக்கடை அது ஒன்றுதான்.

"சாப்பாட்டுக்கு முன்ன ஒண்ணு போடுங்க அண்ணாச்சி. காரம் கொறச்சுக்கிடுங்க. எதையும் மனசுல போட்டு வச்சுக்கிடாதீக" என்று சொல்லி, கவுண்டருக்கு அடியில் விரித்து வைத்திருந்த புத்தகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மாத்திரையை நீட்டினாள் பேராச்சி.

மனசில் போட்டு வைக்காமல் இருக்க அவரும் முயற்சி செய்தார். ஒரு மாதம் மா சாகுபடியைப் பற்றிய புத்தகத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு குறைகூடச் சொல்லாமல், பூ பூப்பதிலிருந்து பழம் பழுப்பதுவரை உருகி உருகிப் பேசினார். உலகம்மாள் முன்வரிசையில் மஞ்சள் பையை விரித்து மடியில் வைத்திருந்தாள். ஒரு மாங்கொட்டைகூட வரவில்லை. பேச்சு முடிந்ததும் அவள் பையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று சிவசைலத்துக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு அவர் புத்தகம் பகிர்ந்து கொடுக்கிற அதிகாரத்தைக் கையில் எடுத்தார். தபாலில் வந்ததில் ஆகக் கேவலமானது எது என்று தேடித் தேடிப் பேராச்சிக்குக் கொடுத்தார். சிறு நகரங்களில் கழிவுநீர் அகற்றுதல் என்று ஒரு பொறியாளர் எழுதிய தடித்த புத்தகத்தை அனுப்பிவிட்டு, கூட்டத்துக்கு இரண்டு கைக்குட்டையோடு போய், ஜன்னலோரமாக உட்கார்ந்து நாற்றத்துக்காகக் காத்திருந்தார். பேராச்சி சாக்கடைக்குள் இறங்குகிற ஆட்களைப் பற்றிய ஒரே ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டி, அதற்கு மேல் முடியாமல் நிறுத்திக்கொண்டாள். நாற்றம் வரவில்லை. கீழே, வெகு காலமாக அடைத்துக் கிடந்த மார்க்கெட் சாக்கடை தானாகத் திறந்துகொண்டு சலசலவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மறு கூட்டத்தில் அவளுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று முடிவானது, போர்த்துகிற வேலை செயலாளருடையது. பேராச்சியின் தோளில் சிவசைலம் சால்வையை இழுத்து இழுத்துப் போர்த்தியதைப் பார்த்து, அண்ணாச்சிக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ஊர் மெச்சியது.

அடுத்ததாக ஒரு கவிதைத் தொகுப்பைக் கொடுத்தார். நிலா, புரட்சி, அம்மா, மறுபடியும் நிலா. உள்ளே ஒன்றுமே இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. பேராச்சி மேடையேறிப் புத்தகத்தை மூடி வைத்தாள். "இந்தக் கவிதைக எனக்குப் பிடிக்கல" என்றாள். "ஆனா இத எழுதுனவரு, யாராவது ஒரு ஆளு தன்னயக் கேக்க மாட்டாங்களான்னு ரொம்ப காலமாக் காத்துக் கெடக்காரு. அது மட்டும் நெசம்." அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்கு எல்லோருக்கும் கேட்க வேண்டும் போல் இருந்தது. மருமகள்கள் போய் மாமியார்களின் கால்மாட்டில் உட்கார்ந்தார்கள், ரேஷன் கடைக்காரர் வரிசையில் நின்றவர்களின் குறைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தலையாட்டினார், ஞானதிரவியம் சார் மேடையில் விழித்தே இருந்தார். வீட்டில் உலகம்மாள் கைவேலையை விட்டுவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"என்னமோ ஒண்ண நெஞ்சுல வச்சுக்கிட்டு மூஞ்சியத் தூக்கிட்டுத் திரியுதீக. சொல்லுங்க, கேக்குதேன்."

சிவசைலம் வாயைத் திறந்தார். சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். "சாம்பார்ல உப்பு கூட" என்றார்.

"இன்னைக்கு வச்சது புளிக்கொழம்பு" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

அந்த வாரம்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. பேராச்சியால் கொண்டுவர முடிவதெல்லாம் அடுத்தவர் எழுதி வைத்ததுதானே. எழுதி வைப்பதை நாம் எழுதி வைத்தால்? ஊரே வாயில் போட்டுக்கொள்கிற மாதிரி ஒன்றைப் புத்தகத்துக்குள் திணித்து வைத்து, அதைப் பேராச்சியின் வாயாலேயே வரவழைத்துவிட்டால், வந்தது யாருடையது? எழுதினவனுடையது. இந்தக் கணக்கில் ஒரு வில்லங்கமும் அவருக்குத் தட்டுப்படவில்லை.

ஆகவே சிவசைலம் ஒரு நாவல் எழுதினார். பெயர், தேனூறும் வீதி. ஒரு பஜாரில் எதிரெதிரே இரண்டு மிட்டாய்க் கடைகள். ஒன்று பண்டாரத்தினுடையது, மற்றது புதிதாக வந்த தவசியினுடையது. அத்தியாயத்துக்கு ஒரு பலகாரம் என்று வைத்துக்கொண்டார். லட்டுக்கு ஒன்று, அல்வாவுக்கு ஒன்று, ஜாங்கிரிக்கு இரண்டு. காலையில் அலுவலகம் திறக்கும் முன் வேப்பமரத்தடி மேஜையில் உட்கார்ந்து, கிரயப் பத்திரம் எழுதுகிற அதே கெட்டிப் பேனாவால், நெய் எவ்வளவு, பாகு எந்தப் பதம், முந்திரி எப்போது போட வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதினார். ஒரே ஒரு சங்கடம் இருந்தது. பண்டாரத்தை அடுப்பு முன்னால் நிறுத்தி அல்வாவைக் கிண்டச் சொன்னால், அவன் கிண்டிக்கொண்டே தலையை நிமிர்த்தி எதிர்க்கடையைப் பார்த்தான். யார் போகிறார்கள், எத்தனை பேர், தவசி எப்படிச் சிரிக்கிறான், பொட்டலத்தை எவ்வளவு அழகாக மடித்துக் கொடுக்கிறான். சிவசைலம் அடித்துவிட்டு மறுபடி எழுதினார், மறுபடியும் பார்த்தான். இவர் சட்டியைப் பார்க்க வைத்தால் அல்வா கட்டிதட்டிப் போனது. எதிர்க்கடையைப் பார்க்க விட்டால் பேனா தானாக ஓடியது. போகட்டும், பலகாரம் வந்தால் சரி என்று விட்டுவிட்டார்.

கையெழுத்துப் பிரதியைப் படிக்கிற மாதிரி நல்லபடியாகப் பிரதி எடுத்துக் கொடுத்தது உலகம்மாள். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். எழுதி முடித்துக் கொடுக்கும்போது, "இந்தப் பண்டாரம் பொண்டாட்டி ஒருத்தி இருக்காளே, அவ கடைசி வரைக்கும் வாயே தொறக்கலயே" என்றாள்.

"அவளுக்குப் பேச என்ன இருக்கு" என்றார் சிவசைலம்.

புத்தகம் சிவகாசியில் அச்சாகி, பளபளவென்ற அட்டையில் ஒரு தட்டு லட்டோடு வந்து சேர்ந்தது. வட்டத்து ஆள் ஒருவர் புத்தகம் போட்டால் ஒரு முழுக் கூட்டத்தையும் அதற்கே ஒதுக்குவது அங்கே வழக்கம். சிவசைலம் ஒரு பிரதியைத் தினசரித் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார்.

"நானா அண்ணாச்சி?" என்றாள் பேராச்சி. "ஞானதிரவியம் சார் பேசட்டுமே. பெரியவக."

"அவரு தூங்கிருவாரு. நீதாம்மா பேசணும்."

அவள் புத்தகத்தை வாங்கிப் புரட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "எனக்கு எது வரும், எது வராதுன்னு எனக்கே தெரியாது அண்ணாச்சி. நான் படிக்கேன், பேசுதேன், அவ்வளவுதான். ஒண்ணும் வரலன்னா என்னயக் கோவிச்சுக்கிடக் கூடாது."

அது வரைக்கும் சிவசைலம் அந்தப் பக்கத்தை யோசித்திருக்கவில்லை. வீட்டுக்குத் திரும்புகிற வழியில்தான் அவருக்கு உறைத்தது. உப்பளத்துப் புத்தகத்துக்கு உப்பு வந்தது, சாக்கடைப் புத்தகத்துக்குச் சாக்கடை ஓடியது, விளங்காத கவிதைத் தொகுப்புக்குக்கூட என்னமோ வந்தது. தேனூறும் வீதிக்கு மட்டும் ஒன்றும் வராமல் போனால், கால்நூற்றாண்டாக ஊர்ப் புத்தகங்களில் எல்லாம் ஓட்டை பார்த்தவனுடைய புத்தகம் வெறும் ஓட்டை என்று ஊருக்கே தெரிந்துபோகும். அதற்குப் பிறகு அவர் எந்த மேடையில் ஏறி யாருடைய அண்ணனைத் தேடுவது? போய்ப் புத்தகத்தைத் திருப்பி வாங்கிவிடலாமா என்று பாதி வழியில் நின்றார். நின்றவர் திரும்பவில்லை.

அந்த மாதம் முழுக்கச் சிவசைலம் மருந்துக்கடைக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்து, பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, பேராச்சி படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் மருந்துக்கு நடுவில் இரண்டு பக்கம், சர்க்கரை மாத்திரைக்கு நடுவில் ஒரு பக்கம். லட்டு அத்தியாயத்தில் இருப்பாள் என்று அவர் கணக்குப் போட்ட நாளில் அவள் முகத்தில் எச்சில் ஊறின அடையாளமே இல்லை. கடைசி வாரத்தில் ஒரு நாள் புத்தகத்தை மூடி, ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, நிமிர்ந்து தெருவைப் பார்த்தாள். நேராக டீக்கடையைத்தான் பார்த்தாள், அவரைத்தான் பார்த்தாள் போலவும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது. மருந்து வாங்க வந்த ஆள் மூன்று தடவை கூப்பிட்ட பிறகே திரும்பினாள். அதற்கு மறுநாளிலிருந்து அவள் சிரிக்கவில்லை.

ஊர் வேறு விதமாகத் தயாரானது. அட்டையில் லட்டு இருக்கிறது என்ற சேதி பரவி, நிஜமான மிட்டாய்க் கடைக்காரர்கள் எல்லாம் ஞானதிரவியம் சார் வீட்டுக்கு வந்து இது எங்கள் பிழைப்பில் மண் போடுகிற காரியம் என்று மல்லுக்கு நின்றார்கள். வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி, அதற்கு மேல் ஆகாது, கல்யாண வீட்டுக்காரர்கள் அண்டா கொண்டுவரக் கூடாது என்று பேசி முடித்தார்கள். இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் வணிகர் சங்கத்து மாடி கொள்ளவில்லை. படிக்கட்டிலும் ஆட்கள். எல்லார் மடியிலும் எவர்சில்வர் தூக்குச்சட்டி, மூடி லேசாகத் திறந்து வைக்கப்பட்டு. உலகம்மாளும் கொண்டுவந்திருந்தாள்.

பேராச்சி எழுந்து மைக்கைப் பிடித்தாள். முகம் வாடியிருந்தது. பண்டாரத்தைப் பற்றிச் சொன்னாள், தவசியைப் பற்றிச் சொன்னாள், லட்டு அத்தியாயத்தைத் தாண்டிப் போனாள். மூடிகள் நன்றாகத் திறந்தன. ஒன்றும் வரவில்லை. அல்வாவைத் தாண்டினாள், ஜாங்கிரியைத் தாண்டினாள், மாடியில் நெய் வாசனைகூட எழவில்லை. யாரோ ஒருவர் காலித் தூக்கை விரலால் தட்டினார், இன்னொருவர் தட்டினார், அந்தச் சத்தம் மாடி முழுக்கப் பரவியது. சிவசைலம் மேடையில், ஞானதிரவியம் சாருக்குப் பக்கத்து நாற்காலியில், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு விடுவதற்கே கூச்சமாக இருந்தது. முடிந்தது, இனி இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்று நினைத்துக்கொண்டார்.

"இது பலகாரத்தப் பத்துன புத்தகம் இல்ல" என்றாள் பேராச்சி. "பண்டாரம் எதிர்க்கடையப் பாத்துக்கிட்டே அல்வா கிண்டுதான். கை வெந்துபோகுது. அது அவனுக்குத் தெரியல. பாத்துக்கிட்டே இருக்கான்."

அப்போது முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளின் தூக்குச்சட்டியைப் பார்த்தார். அது தன்னுடையதைவிடக் கொஞ்சம் பெரிது. இவ்வளவு நாள் அதைக் கவனிக்காமல் இருந்துவிட்டோமே என்று அவருக்கு வயிற்றில் சுருக்கென்றது. அவருக்குப் பின்னால் இருந்தவளுக்குத் தங்கச்சியின் புருஷன் ஞாபகத்துக்கு வந்தான், அவளுக்குப் பின்னால் இருந்தவருக்குத் தம்பியின் தலைமுடி. மெத்தைக் கடைக்காரர் ஜவுளிக் கடைக்காரரைப் பார்த்தார், ஜவுளிக் கடைக்காரர் கடனில்லாமல் திரிகிற நாதஸ்வரக்காரரைப் பார்த்தார், நாதஸ்வரக்காரர் வாயைத் திறந்தாலே ஊர் திரும்பிப் பார்க்கிற மீன்காரியைப் பார்த்தார். எரிச்சல் வரிசை வரிசையாகப் பின்னால் போய், வாசலைத் தாண்டி, படிக்கட்டில் இறங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு யாரோ, "இது என்ன எழவுய்யா, இப்பிடிக் காந்துது" என்றார். ஞானதிரவியம் சார் திடுக்கிட்டு விழித்து, ஒரு ஆள்கூடத் தூங்காமல் தன் பேச்சைக் கேட்க வைத்திருக்கிற பேராச்சியைப் பார்த்து, நாற்பது வருஷம் வகுப்பறையில் இது நமக்கு வாய்க்கவில்லையே என்று கண்கலங்கினார். உலகம்மாள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை பேராச்சியின் மீது இல்லை. சிவசைலத்தின் சட்டைப்பையில் செருகியிருந்த அந்தக் கெட்டிப் பேனாவின் மீது இருந்தது.

சிவசைலத்துக்கு மட்டும் ஒன்றும் எரியவில்லை. தொப்புளுக்கு இரண்டு விரற்கடை மேலே, ஒரு வருஷமாகக் காந்திக்கொண்டிருந்த இடம், பச்சைத் தண்ணீர் ஊற்றின மாதிரி குளிர்ந்துபோயிருந்தது. சாகிறபோது இப்படித்தான் இருக்குமோ என்று முதலில் பயந்தார். பிறகு நிமிர்ந்து ஜனங்களைப் பார்த்தார். அத்தனை முகங்களிலும் தன்னுடைய முகம்.

பேராச்சி பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தாள். ஒரு கை அவள் வயிற்றின் மீது இருந்தது.

"அண்ணாச்சி" என்றாள், மைக்கில்தான், ஊர் கேட்கத்தான். "எனக்கு ஒங்க மேல பொறாமையா இருக்கு. பொய் சொல்லல. நான் யாரு எழுதுனதையோ கூட்டியாந்து இங்கன நிப்பாட்டுதேன். எனக்குன்னு ஒரு வரி கெடையாது. டாக்டர் எழுதுன சீட்டப் பாத்து மாத்திரை எடுத்துக் குடுக்கதும் இதுவும் எனக்கு ஒண்ணுதான். இந்தப் புத்தகத்தப் படிச்சிட்டு, நல்லால்லன்னு சொல்லிருவமான்னு நெனச்சேன். நேத்து வரைக்கும் நெனச்சேன்." மைக்கைக் கீழே வைத்தாள். நன்றி சொல்லாமலே இறங்கினாள்.

இதையும் ஊர் தாங்கிக்கொண்டது. அந்த வாரம் மருந்துக்கடையில் வயிற்றெரிச்சல் மாத்திரை தீர்ந்துபோய் விருதுநகரிலிருந்து வரவழைத்தார்கள். ஆட்கள் தெருவில் எதிரெதிரே நின்று, உன்னைப் பார்த்தால் எனக்கு எரிகிறது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிக்கொண்டார்கள், சொன்ன பிறகு டீ குடிக்கச் சேர்ந்து போனார்கள். சங்கத்துத் தலைவருக்கும் பொருளாளருக்கும் நடுவே அந்த வாரம்தான் மறுபடி பேச்சு நடந்தது என்றும் சொல்கிறார்கள். ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தச் சாயங்காலம், காலித் தூக்குச்சட்டிகள் கடகடவென்று படியிறங்கிப் போன பிறகு, மாடியில் நாற்காலிகளுக்கு நடுவே பேராச்சி உட்கார்ந்திருந்தாள். சிவசைலம் பக்கத்தில் போய் நின்றார். சற்றுத் தள்ளி, ஜன்னலோரத்தில் உலகம்மாள்.

"இத எங்கன பிடிச்சீக அண்ணாச்சி?" என்று கேட்டாள் பேராச்சி. "நெசமாச் சொல்லுங்க. அந்தப் பண்டாரத்த."

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். கால்நூற்றாண்டு வாசிப்பு என்று சொல்லியிருக்கலாம். வயிறு குளிர்ந்திருந்ததால் அவருக்குப் பொய் வரவில்லை.

"நீ மொத மொதல்ல கொண்டாந்த உப்புலம்மா. இவ அத சாம்பார்ல போட்டா. அப்பிடி ஒரு ருசியா இருந்துச்சு. அன்னைல இருந்து எனக்குச் சாப்பாடு எறங்கல."

பேராச்சி அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு, வயிற்றிலிருந்து கையை எடுக்காமலே, சிரித்தாள். சிவசைலத்துக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் மற்றவர்களைச் சிரிக்க வைத்தபோதெல்லாம் தான் சிரித்ததில்லை என்று அவருக்கு அப்போது தோன்றியது.

உலகம்மாள் காலித் தூக்குச்சட்டியை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு வந்து, கையை நீட்டினாள்.

"அந்தப் பேனாவக் குடுங்க."

"எதுக்கு?"

"பண்டாரம் பொண்டாட்டிக்குப் பேச என்ன இருக்குன்னு கேட்டீகல்லா. நான் எழுதுதேன். அடுத்த புத்தகம் என்னோடது. பேராச்சி பேசட்டும்."

"நான் பேசுதேன் மதினி" என்றாள் பேராச்சி உடனே. முகம் தெளிந்துவிட்டது. "இப்பவே ஆரம்பிங்க. என்ன வரப்போவுதோ தெரியல."

சிவசைலம் பேனாவை எடுத்து நீட்டினார். மனைவி அதை வாங்கி, மூடியைக் கழற்றி, உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். கோடு நேராக, அழகாக விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது அவருக்கு, தொப்புளுக்கு இரண்டு விரற்கடை மேலே, பழைய இடத்தில், சின்னதாகச் சுருக்கென்றது.